ஹடில்: ஒரு சொல்லின் சரித்திரம்

கிரிக்கெட் அணியினர் களமிறங்குமுன் தோளோடு தோள் கோத்து வட்டமாக நின்று ஊக்கம் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை வருணனையாளர்கள் ‘ஹடில்’ என்று குறிப்பிடக் கேட்டிருப்போம். ஆனால் இச்சொல்லை விளையாட்டுக்குரிய கலைச்சொல்லாக ஆக்கிய பெருமை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கே உரியது. அங்கே அது ஊக்கம் சொல்லும் கூட்டமன்று. அடுத்த முயற்சியில் பந்து எவர் கைக்குப் போகவேண்டும், எவர் எத்திசையில் ஓடவேண்டும், எவர் எவரைத் தடுக்கவேண்டும் என்பவற்றை எதிர்க்கட்சியின் செவிக்கும் கண்ணுக்கும் எட்டாதபடி பதினொருவர் கூடி அறிந்துகொள்ளும் மந்திராலோசனை. ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இச்சொல் அடைந்த ஏற்றத்தாழ்வுகளைத் தொடர்ந்து நோக்கினால், அவ்வாட்டத்தின் தாக்குதல் உபாயங்கள் மாறிய விதத்தோடு, அவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதும் புலனாகும்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கி வருகிறது. ஒழுங்கின்றி நெருக்கிக் குவித்தல், ஒருவரோடொருவர் ஒண்டிக்கொள்ளுதல் என்பன அதன் பழம்பொருள்கள். அதன் வேரைக் குறித்து முடிந்த முடிபு இல்லையெனினும், மூடி மறைத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொற்களோடு அதனைச் சார்த்தி ஊகிப்பவர் உண்டு. அவ்வூகம் பொருந்துவதாயின், நெருங்கி நிற்றலும் மறைத்தலும் ஆகிய இரண்டும் ஆடுகளத்தில் மீண்டும் ஒன்றுகூடின எனலாம்.

இவ்வாலோசனைக்கு இடமளித்தது ஆட்டத்தின் ஒரு விசேஷ விதி. ரக்பியில் பந்துக்காக இருதரப்பாரும் இடைவிடாது முட்டிமோத, 1880இல் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் முயன்று கொண்டுவந்த விதி, பந்தை ஒரு கட்சியின் உடைமையாக்கி, அக்கட்சியார் நின்று நிதானித்து அதனைப் பின்னுக்குத் தந்து ஆடத் தொடங்கும்படி செய்தது. 1882இல் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறவேண்டும் என்னும் விதியும் சேர்ந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னே ஓர் இடைவேளை பிறந்தது. அவ்விடைவேளையில் உபாயம் பிறந்தது. தொடக்கத்தில் உபாயத்தை அறிவித்தவர், பந்தைக் கையிலேற்கும் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரரே. அவர் கோட்டில் நின்றபடியே சங்கேத எண்களை உரக்கக் கூவுவார். எண்கள் எவ்வாறு பேசும் என்பதற்கு இன்றும் பயிலும் முறையொன்றைக் காட்டலாம்: 34 என்றால், மூன்றாம் எண்ணுக்குரிய ஓட்டக்காரர் நான்காம் எண்ணுக்குரிய இடைவெளி வழியே பாயவேண்டும், இரட்டைப்படை எண்கள் வலப்புறத்து இடைவெளிகளையும், ஒற்றைப்படை எண்கள் இடப்புறத்தனவற்றையும் சுட்டும்.

கூவுவதை எதிரியும் கேட்பானே என்னும் இடர்ப்பாடு அனைவர்க்கும் பொதுவானதே. அதற்குத் தீர்வு கண்டவரோ செவிப்புலன் இல்லாத ஒரு மாணவர் என்பது ஆட்டத்தின் கர்ணபரம்பரை. வாஷிங்டன் நகரில் செவிப்புலன் இல்லாதோர் பயிலும் காலடெட் கல்லூரியில் 1890களின் முற்பகுதியில் குவார்ட்டர்பேக்காக விளங்கிய பால் ஹப்பர்ட், தம் அணியினர்க்குக் கைச்சைகையால் ஆணையிட்டு வந்தார். சைகைமொழி அறியாத அணியோடு ஆடுங்கால் அது தக்க மறைவாகவே இருந்தது. தம்மைப் போலவே சைகைமொழி பயின்ற மற்றோர் அணி எதிரே நின்றபோதோ, ஒவ்வோர் உபாயமும் பட்டப்பகலில் வெளியாகிவிடும் நிலை உண்டாயிற்று. ஆகவே அவர் தம் அணியினரை வட்டமாகக் கூட்டி, அவர்கள் உடல்களையே திரையாக்கி, அதனுள்ளே சைகை செய்தார். இன்று ஆட்டத்துக்கே அடையாளமாகிவிட்ட அவ்வட்டம், இவ்வரலாற்றின்படி, முதலிற் காக்க முற்பட்டது கண்ணுக்குத் தெரியும் மொழியையே.

ஆயினும் இவ்வழக்கம் உடனே பரவவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் பாப் ஜப்கி 1921இல் இதனை நிலையான முறையாகக் கையாளத் தொடங்கியபோது, ஆட்டத்தின் வேகம் குன்றுகிறது என்று ஆட்சேபித்தவர் பலர். ஆட்சேபம் நிலைக்கவில்லை, எங்கும் ஆரவாரம் மிகுந்த பெரிய அரங்கங்கள் எழுந்துகொண்டிருந்த அக்காலத்தில், கூவும் எண்கள் சொந்த அணியினர் காதிலேயே விழுவது அரிதாயிருக்க, வட்டம் இன்றியமையாததாயிற்று. ஓசையிலிருந்தும் உளவிலிருந்தும் ஒருங்கே காத்தமையால், சில ஆண்டுகளில் அது பொதுவழக்காயிற்று.

இனி, அவ்வட்டத்தின் நடுவே பேசியவர் யார் என்பதே கருதத்தக்கது. உபாயம் வகுப்பது ஆடும் மாணவர்களின் பொறுப்பு, பயிற்சியாளரின் வேலை வார நாள்களோடு முடிந்தது என்னும் அபிப்பிராயம் அக்காலத்து விதிகளில் ஊறியிருந்தது. களத்தின் ஓரத்தில் நின்று பயிற்சியாளர் ஆணையிடுவதைக் கல்லூரி விதிகள் நெடுங்காலம் தடுத்தே வந்தன. அத்தடை நீங்கியது 1967இல். அதற்குச் சிறிது முன், 1960களின் நடுவில், ஆட்டக்காரரைத் தாராளமாக மாற்றிக்கொள்ளும் உரிமையும் திரும்பக் கிடைத்திருந்தமையால், ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உள்ளே ஓடிவரும் ஒருவர் பயிற்சியாளரின் ஆணையைச் சுமந்துவரும் தூதராவது எளிதாயிற்று. வட்டம் அப்படியே நின்றது, பெயரும் மாறவில்லை. ஆயினும் ஆலோசனையாயிருந்தது ஆணையைப் படித்துக்காட்டும் சடங்காக மாறிவிட்டது.

சடங்கானபின் அது எதற்கு என்று கேட்டவர்களால் ‘நோ-ஹடில்’ என்னும் எதிர்மறைச் சொல் பிரசித்தி பெற்றது. ஆர்கன்சாவில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராயிருந்த கஸ் மல்சான், வட்டமின்றி விரைந்தாடும் முறையைக் குறித்து 2003இல் ஒரு நூலே எழுதினார். 2008இல் கல்லூரி விதிகள் ஒரு முயற்சி முடிந்தவுடனேயே 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும்படி மாற்றப்பட்டமையும் விரைவு வேண்டியோர்க்கு வாய்ப்பாயிற்று. வட்டத்தில் நின்று சொல்லும் ஆணையில் அணிவகுப்பு, நகர்வு, தடுப்புமுறை, ஓடும் பாதைகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும். விரைவு முறையிலோ அவையனைத்தையும் ஒற்றைச் சொல்லில் அடக்கினர். பயிற்சியாளர் சிப் கெல்லியின் ஓரிகன் அணியார் அதனினும் ஒருபடி மேலே சென்று, ஓரத்தில் நின்று பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டினர்; நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம், அவற்றுள் பொருளுடையது எது என்பது சொந்த அணியினர்க்கே வெளிச்சம். 2011 ஜனவரி 10 அன்று தேசியப் பட்டத்துக்காக அந்த ஓரிகனும், மல்சானின் உபாயத்தைக் கொண்ட ஆபர்ன் அணியும் மோதி, ஆபர்ன் 22–19 என்று வென்றபோது, வட்டம் கூடாத இரு கட்சிகளே இறுதிவரை வந்து நின்றன.

1921இல் வட்டம் மந்தமானது என்று குறை கூறப்பட்டதற்கு நேர்மாறாக, இப்போது வட்டமின்மை மிகையான வேகம் என்று குறை கூறப்பட்டது. கடிகாரம் ஓடத் தொடங்கிய முதல் 10 விநாடிக்குள் பந்தெடுக்கலாகாது என்று, ஆட்டக்காரரின் பாதுகாப்பைக் காரணங்காட்டி, 2014இல் ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டுக் கைவிடப்பட்டது. அதனை ஆதரித்துப் பேசிய அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் தாமே பின்னர் அவ்விரைவு முறையைத் தழுவிக்கொண்டார் என்பது, ஆடுகளத்தில் கொள்கையினும் வெற்றி வலியது என்பதற்குச் சான்று.

வட்டம் நீங்கவே, சைகைகளும் வெட்டவெளிக்கு வந்தன. ஹப்பர்ட் அஞ்சிய கண்களும் உடன் வந்தன. எதிரணியின் பிற ஆட்டங்களுக்கு நேரில் ஆளனுப்பி உளவு பார்ப்பது 1994 முதல் தடுக்கப்பட்டிருந்தும், அவ்வாறு சைகைகளைத் திரட்டியதாக மிச்சிகன் அணியின்மீது 2023இல் குற்றச்சாட்டு எழுந்து பெரும் பரபரப்பாயிற்று. அடுத்த ஆண்டே, 2024இல், உயர்நிலைப் பிரிவுக் கல்லூரிகளுக்குத் பயிற்சியாளரின் குரலைக் களத்தில் நிற்கும் ஆட்டக்காரர் காதுக்கே கொண்டுசேர்க்கும் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் பயிற்சியாளர் பால் பிரவுன் 1956இலேயே சோதித்துத் தடைக்குள்ளான கருவி இது; அங்கே அது 1994இல் ஏற்கப்பட்டிருந்தது.

இரகசியமும் விரைவும் ஒருங்கே கிட்டாமையால் முன்னும் பின்னும் அலைந்த ஆட்டத்துக்கு இக்கருவி இரண்டையும் தந்துவிட்டது. ஆயினும் அதனை அனுமதித்த விதியில் ஒரு வரம்பு இருக்கிறது: கடிகாரத்தில் 15 விநாடி எஞ்சியிருக்கையில் பயிற்சியாளரின் குரல் அறுந்துவிடவேண்டும். அதன்பின் எதிர்க்கட்சி தன் வியூகத்தை மாற்றினால், அதைக் கண்டு உபாயத்தைத் திருத்துவது களத்தில் நிற்கும் மாணவர் பொறுப்பு. முன்னொரு காலத்தில் இடைவேளை முழுவதும் ஆட்டக்காரருக்குச் சொந்தமாயிருந்தது. அதில் இன்று விதி அவர்களுக்கென்று ஒதுக்கியிருப்பது இந்தப் பதினைந்து விநாடியே.