நரம்பும் கம்பியும்

தஞ்சாவூர் வீணையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், அதன் குடத்தைக் குடைந்தெடுக்கும் பலாமரத்தையும், தண்டியின் முனையில் வளைந்து நிற்கும் யாளி முகத்தையும், கருமெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகளையும் விரிவாக வர்ணித்துவிட்டு, நாதத்துக்கே பிறப்பிடமான தந்தியை ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விடுவது வழக்கமாக இருந்து வருகிறது. 2013-ஆம் ஆண்டில் இந்த வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கௌரவம் தச்சருடைய கைத்திறனுக்கு முற்றிலும் உரியதே. ஆயினும், காவிரிக் கரையில் வளர்ந்த வீணைச் சங்கீதம் எவ்வாறு இன்றைய உருவத்தை அடைந்தது என்பதை அறிய விரும்புகிறவன், மரத்தை விட்டுவிட்டுத் தந்தியின் பின்னே போக வேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம். நம் வீணைக்குத் தனிச்சிறப்பாகச் சொல்லப்படும் கமகம், உலோகக் கம்பி இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது.

கரிகாலன் காலத்துப் பொருநனுடைய கையில் இருந்தது வீணையன்று, யாழ். பத்துப்பாட்டில் இரண்டாவதான பொருநராற்றுப்படை, அந்த யாழின் பத்தரையும் போர்வைத் தோலையும் கோட்டையும் நரம்பையும் உறுப்புறுப்பாக வர்ணிக்கிறது. 21 நரம்புடைய பேரியாழ், 19 நரம்புடைய மகரயாழ், 14 நரம்புடைய சகோடயாழ், 7 நரம்புடைய செங்கோட்டியாழ் என்று நான்கு வகை சொல்லுவார்கள். ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகள், இந்த மறைந்த வாத்தியங்களைக் கணிதத்தாலும் இலக்கியத்தாலும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947 ஜூன் மாதத்தில், திருஞானசம்பந்தர் வெள்ளத்தில் ஓடம் செலுத்திய தலமாகிய திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகள் வகுத்தபடி செய்யப்பட்ட யாழ்களை அன்று மீட்டியவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த வீணை வித்துவான் க. பொ. சிவானந்தம் ஆவார். அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வீணைக்குப் பழகிய விரல்கள் யாழ் நரம்பைத் தொட்ட அந்த நிகழ்ச்சி, இரண்டு வாத்தியங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நேரிலே காட்டியிருக்கும்.

அந்தத் தூரத்துக்குக் காரணம் தந்தியின் வஸ்துவிலேயே இருக்கிறது. விலங்கின் குடலைக் கழுவிச் சுரண்டி, ஈரம் காயுமுன் முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திச் செய்வதே உலகம் முழுவதும் வழங்கிய பழைய நரம்பு. அதன் நாதம் மிருதுவானது, விரலுக்கும் இதமானது, ஆனால் ஒலி எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் ஊறும், வெயில் ஏறினால் சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்து, வயலெல்லாம் ஏரியாய்க் கிடக்கும் சோழநாட்டில், 21 நரம்பையும் சுருதி குலையாமல் காப்பாற்றிய பாணர்களுடைய பொறுமையை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்கு உரியது. மெட்டின் மேல் அழுத்துவதோ, பக்கவாட்டில் இழுப்பதோ அங்கே இல்லை. ஆகவே நரம்பு அந்த வாத்தியத்துக்குப் போதுமானதாக இருந்தது.

போதாமற்போன ஒரு சந்தர்ப்பத்தைப் பெரியபுராணம் நமக்குச் சொல்லுகிறது. காரைக்காலை அடுத்த தருமபுரத்தில், திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய சுற்றத்தார், பாணர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே சம்பந்தருடைய பதிகங்கள் சிறப்படைகின்றன என்று பேசிவிட, பாணர் அது பொறாமல் சம்பந்தரிடம் முறையிட்டு, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டினார், சம்பந்தரும் பாடினார். நரம்பில் அப்பாட்டைக் கொண்டுவர முடியாமல் தவித்த பாணர், யாழையே உடைக்கத் துணிந்தார் என்பது வரலாறு. யாழ்முரி என்று அதனால் பெயர் வந்தது. பக்தர்கள் இதை ஞானசம்பந்தருடைய அருளின் மகிமையாகக் கொள்ளுகிறார்கள். அவ்வாறு கொள்வதே முறை. சங்கீதத்தின் வழியில் நின்று பார்க்கும்போது, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு இடையறாமல் குழைந்து செல்லும் மனிதக் குரலின் போக்கை, ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று கட்டிய வாத்தியத்தால் பின்தொடர முடியாது என்ற உண்மையும் அக்கதைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

குரலைப் பின்தொடரவல்ல வாத்தியம், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, நாயக்கர் காலத்தில் தஞ்சையிலேயே முழுமை பெற்றது. 1550-இல் ராமாமாத்யர் இயற்றிய ஸ்வரமேளகலாநிதியில், மேல் தந்திகளை அனுமந்தர பஞ்சமம், மந்தர ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஷட்ஜம் என்று கூட்டும் மத்யமேள வீணை பேசப்படுகிறது. இன்றைக்கும் நாம் வீணைக்குச் சுருதி சேர்ப்பது இந்த முறையில்தான். 1600-இல் பட்டத்துக்கு வந்த ரகுநாத நாயக்கரும் அவருடைய மந்திரியாகிய கோவிந்த தீக்ஷிதரும், ராகத்துக்கு ராகம் நகர்த்திக்கொள்ளும் மெட்டுகளை ஒழித்து, ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கும் 24 மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்று சம்பிரதாயம் கூறும். தீக்ஷிதருடைய குமாரர் வேங்கடமகி, சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளகர்த்தாக்களை வகுத்ததற்கும் இந்த நிலைமெட்டு வீணையே ஆதாரம்.

மெட்டு நிலையாக நின்றுவிட்டால், இரண்டு மெட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் நுட்பமான ஸ்தானங்களைத் தொடுவதற்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது. கம்பியின் பெருமை இங்கேதான் வெளிப்படுகிறது. தந்தியின் சுருதி, அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து ஏறும். ஷட்ஜ மெட்டில் நின்றபடியே இழுத்து அந்தர காந்தாரத்தை எழுப்ப வேண்டுமானால் இழுவிசை ஒன்றரை மடங்குக்கு மேலாக வேண்டும். பஞ்சமத்தையே எழுப்ப வேண்டுமானால் இரண்டேகால் மடங்கு ஆக வேண்டும். நரம்பு இளகுந்தன்மை உடையதாகையால், எவ்வளவு ஒதுக்கினாலும் தானும் நீண்டு கொடுத்துவிடும். சுருதி சொற்பமே ஏறும். எஃகுக் கம்பியோ மிகச் சிறிது நீண்டாலும் இழுவிசை மளமளவென்று உயரும். அந்த உயர்வைத் தாங்கும் பலமும் அதனிடத்தில் உண்டு. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீக்ஷிதர், கம்பிதம், ஜாரு, நொக்கு, ஒதுக்கல் முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு வகுத்தார். அவற்றுள் ஒதுக்கல் என்பது, ஒரு சுரத்தின் மெட்டில் நின்றுகொண்டே தந்தியை இழுத்து அடுத்த சுரத்தைப் பேசவைப்பது. நரம்புத் தந்தியில் இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு, சரித்திரத்தின் ஒரு பெரிய திருப்பம் கையிலேயே புலப்பட்டுவிடும்.

கம்பி என்று பொதுவாகச் சொன்னாலும், எல்லாக் காலத்துக் கம்பியும் ஒன்றன்று. துளைகள் வரவரக் குறுகிச் செல்லும் இரும்புத் தகட்டின் வழியே கையால் இழுத்த பழைய இரும்புக் கம்பியும் பித்தளைக் கம்பியும் இளகலானவை. தடிப்பும் ஒரே சீராக இராது. தடிப்பு சீராக இல்லாத தந்தியில் மெட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் சுரம் பிசகும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1854-இல் உரிமை பெற்ற முறைப்படி வெப்பத்தால் பதமாக்கி இழுத்த எஃகுக் கம்பி, பியானோவுக்கென்று பிறந்தது. 1866-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போட்ட தந்திக் கேபிளுக்குக் கவசமாகவும் அதுவே அமைந்தது. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தாரும் போட்டிக்கு வந்தார்கள். சமுத்திரத்தின் அடியிலும் தாங்கிய அந்த வகை எஃகுதான் காலக்கிரமத்தில் தஞ்சாவூர் வீணையின் முதல் தந்தியாகிய சாரணியாகவும் ஏறியது. இரண்டாம் சரபோஜியின் காலத்தில் மேனாட்டு வாத்திய கோஷ்டியையே அரண்மனையில் வைத்திருந்த ஊருக்கு, கடல் கடந்து வந்த வஸ்துவை நம்முடைய சங்கீதத்துக்கு வசப்படுத்திக்கொள்வது புதிய காரியமன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு பிடிலைக் கையில் எடுத்தபோது அதனோடு குடல் நரம்பும் திரும்பி வந்தது. ஆனால் வில்லால் இழைக்கும் வாத்தியத்தில் நாதம் தானே அடங்குவதில்லையாகையால், நரம்பின் குறை அங்கே குறையாகத் தெரியவில்லை.

வீணையின் ஏழு தந்திகளையும் அருகிலிருந்து பார்த்தால் அவை ஒரே குடும்பத்தவை அல்ல என்பது விளங்கும். சாரணியும் பஞ்சமமும் எஃகு. சாரணியின் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். மந்தரமும் அனுமந்தரமும் பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம். பக்கத்தில் தாளத்துக்கு உள்ள மூன்றும் எஃகு. ஒரே நீளத்தில் கீழ் ஸ்தாயியைப் பெறுவதற்குத் தந்தி கனக்க வேண்டும். எஃகையே தடிப்பாக்கினால் அது விறைத்து, நாதம் தகரம் போல ஆகிவிடும். பித்தளை எடை மிகுந்து, விறைப்புக் குறைந்ததாகையால், மந்தரத்தின் கம்பீரம் அதில் நிறைவாகக் கிடைக்கிறது. ஆனால் எஃகைப் போல இழுப்பைத் தாங்காது. சாரணியில் நான்கு சுரம் இழுக்கிற கை, அதே துணிவோடு மந்தரத்தை இழுத்தால் தந்தி அறுந்துபோகும். ஆகையால் கீழ்ஸ்தாயி ஆலாபனையில் நம் வைணிகர்கள் இழுப்பைக் குறைத்து, தந்தியின் மேல் விரலை வழுக்கிச் செல்லும் ஜாருவை மிகுதியாகக் கையாளுவதைக் காணலாம். ராக பாவத்தைப் பற்றிய கொள்கை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி, உலோகத்தின் சுபாவமே என்று சொல்லத் தோன்றுகிறது.

எஃகு கை விரலிடம் விலை கேட்கும். இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தியின் தடம் பதிந்து காய்ப்பேறும். வாசிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டு, அவ்வப்போது விரலைத் தொட்டுக்கொள்ளுவார்கள். அந்த எண்ணெய் விரலை வழுக்கச் செய்வதோடு, வியர்வையின் உப்பு கம்பியில் துருவேற்றுவதையும் ஓரளவு தடுக்கிறது. மீட்டும் கையிலும், விரலில் மீட்டு என்னும் கம்பி வளையம் அணிந்து வாசிப்பது, அணியாமல் வாசிப்பது என்று இரண்டு சம்பிரதாயம் உண்டு. தஞ்சை அரண்மனையில் சேவித்த பாப்பம்மாளின் வழியில் வந்த வீணை தனம்மாள், விரலில் மீட்டு அணியாமல் வாசித்தார். அவருடைய வெள்ளிக்கிழமைக் கச்சேரியில், அருகில் அமர்ந்து மௌனமாகக் கேட்பவர்களுக்கே அந்த நாதம் முழுதும் கிட்டியது. எஃகின் கூர்மையைச் சதையின் மென்மையால் தணித்துக்கொண்ட அந்த நாதத்துக்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

கோட்டு வாத்தியத்தின் கதை வீணையின் கதைக்கு மறுபுறம். திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் காவிரிக் கரையில் வளர்த்த அவ்வாத்தியத்தில் மெட்டும் இல்லை, இழுப்பும் இல்லை; கட்டை ஒன்று தந்தியின் மேல் வழுக்கிச் செல்லும். அங்கே தந்திக்குப் பலத்தைக் காட்டிலும் வழவழப்பே பிரதானம். ஓர் இடத்தில் துரு பிடித்திருந்தாலும் கட்டை அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

தந்தியின் ஆயுள், ஊரின் காற்றைப் பொறுத்தது. மழைக்காலத்தில் எஃகு துருவேறிச் சொரசொரப்பாகும். பித்தளை அறுபடாமலே கறுத்து, நாதம் மந்தித்துவிடும். புதிதாகப் பூட்டிய தந்தி, பிரடையை எத்தனை முறுக்கினாலும் சில நாள் நீண்டுகொண்டே இருந்து, பிறகுதான் படியும். அதுவரை நாகபாசத்துக்கு அருகே உள்ள லங்கரை நகர்த்தி நகர்த்திச் சுருதி பார்க்க வேண்டும். எஃகு மெட்டின் வெண்கலத்தைக் காட்டிலும் கடினமாகையால், நாளடைவில் மெட்டின் மேல் தடம் விழுந்து, தந்தி அதில் உராய்ந்து இரையும். அப்போது மெட்டை ராவி, மெழுகை உருக்கி, மேளம் புதிதாகக் கட்ட வேண்டும். காதும் கையும் ஒருங்கே தேர்ந்த தஞ்சாவூர்க் கைவினைஞர்களுக்குத் தந்தியால் வாய்த்த பிழைப்பில் இதுவும் ஒரு பகுதி.

கனத்த தந்திக்கு வேறொரு உபாயமும் உண்டு. மெல்லிய தந்தியின் மேல் வேறு கம்பியைச் சுற்றிக் கனமேற்றும் முறை 1660-களில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. கித்தாரின் கீழ்த்தந்திகள் இன்றும் அவ்வகை. சுற்றிய தந்தி இளகலாக இருந்துகொண்டே ஆழ்ந்த ஸ்தாயி பேசும். ஆனால் விரல் வழுக்கும்போது சுற்றின் வரிகளில் உரசி இரைச்சல் எழுப்பும். ஜாருவை உயிராகக் கருதும் வீணைக்கு அது பொருந்தவில்லை. மின்சாரக் கித்தார்க்காரர்கள் அதே தொல்லைக்காகத் தட்டையான கம்பியால் சுற்றிய தந்தியைச் செய்துகொண்டார்கள். வழவழப்பு கிடைத்தது, நாதத்தின் துலக்கம் குறைந்தது. சுத்த நிக்கல் சுற்று மிருது என்றும், நிக்கல் முலாம் பூசிய எஃகுச் சுற்று துலக்கம் என்றும், துருப்பிடியா எஃகு மிகத் துலக்கமானாலும் மெட்டைத் தேய்க்கும் என்றும் அவர்கள் இன்று வாதிப்பதைக் கேட்கும் தஞ்சாவூர் வைணிகனுக்கு, தன் வீட்டுப் பேச்சையே கேட்பது போலிருக்கும்.

அந்த உறவு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பெரிய சபைகளின் பொருட்டு வீணையில் காந்த மைக்கைப் பொருத்த முற்பட்டபோது, காந்தத்துக்குக் கட்டுப்படும் எஃகுச் சாரணி பேசிற்று. கட்டுப்படாத பித்தளை மந்தரம் ஊமையாகிவிட்டது. அதற்காக மந்தரத்தையும் அனுமந்தரத்தையும் எடுத்துவிட்டு, எஃகைக் கருவாக உடைய கித்தார்த் தந்தியைப் பூட்டிக்கொண்டவர்கள் உண்டு. நாதத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள், குடத்தின் அதிர்வையே நேராக வாங்கும் மைக்கை ஒட்டிக்கொண்டு, பித்தளையை அதன் ஸ்தானத்திலேயே வைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், மந்தரத்தில் பித்தளையைக் கைவிடாத இரண்டாவது கட்சியிலேயே நான் சேர்வேன்.