ஜகதீஷ் சந்திர போசின் அலை உணர்விகள்

ஜகதீஷ் சந்திர போஸ் (30 நவம்பர் 1858 – 23 நவம்பர் 1937) தாவரங்களின் உணர்ச்சி பற்றிய ஆய்வுகளுக்காகவே பரவலாக அறியப்படுகிறார். ஆனால் அதற்கு முன்பே அவர் மின்காந்த அலைகளை உண்டாக்கவும் உணரவும் புதிய கருவிகளைச் செய்தார். அவற்றுள் இரண்டு உணர்விகள் மின்னணுவியல் வரலாற்றில் தனி இடம் பெற்றவை.

பின்னணி

போஸ் 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரை விடக் குறைந்த ஊதியமே அளிக்கப்பட்டது. அதை வாங்க மறுத்து மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். இறுதியில் நிலுவையுடன் முழு ஊதியமும் கிடைத்தது. கல்லூரியில் முறையான ஆய்வுக்கூடம் இல்லாததால், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரின் துணையுடன் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே உருவாக்கினார்.

1895-இல் சுமார் 5 மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளை இரண்டு சுவர்களைக் கடந்து 23 மீட்டர் தொலைவுக்கு அனுப்பினார். அவ்வலைகள் மறுமுனையில் மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கூம்பு வடிவ அலைவாங்கியையும் அவர் பயன்படுத்தினார். முறுக்கிய சணல் கற்றையைக் கொண்டு அலைகளின் முனைவாக்கத் தளம் திரும்புவதைக் காட்டினார்.

பாதரச உணர்வி

அக்காலத்தில் பயன்பட்ட உணர்வி கோஹீரர் எனப்படும். பிரான்சு நாட்டு எடுவார் பிரான்லி 1890-இல் ஆராய்ந்த உலோகத்தூள் குழாயே இதன் தொடக்கம். அலை பட்டவுடன் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்னோட்டத்தை விடும். அடுத்த குறிப்பைப் பெற, குழாயைத் தட்டித் தூளைப் பிரிக்க வேண்டும். போஸ் இரும்பும் பாதரசமும் தொடும் அமைப்பைத் தொலைபேசிக் கேட்பியுடன் இணைத்தார். இது தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பியது. இதை 1899-இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் விளக்கினார்.

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய குறிப்பை நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அவர் பயன்படுத்தியது இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த சொலாரி கொடுத்த பாதரச உணர்வி. அதன் மூலக் கண்டுபிடிப்பு போசுடையதே என்று 1998-இல் புரோபிர் பந்தோபாத்யாய் ஐஇஇஇ இதழில் எழுதினார். எனினும் நெடுந்தொலைவுச் செய்தித்தொடர்பை ஒரு தொழிலாகக் கட்டியெழுப்பியவர் மார்க்கோனியே. அவர் 1909-இல் பிரவுனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கலீனா உணர்வி

கண்டுபிடிப்பு அனைவருக்கும் உரியது. அதைப் பணமாக்கலாகாது என்பது போசின் கொள்கை. தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் காப்புரிமை பெறும்படி வற்புறுத்தியதை 1901-இல் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் வருத்தத்துடன் குறிப்பிட்டார். ஆயினும் நண்பர்கள் வற்புறுத்தியதால் அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. கலீனா எனும் ஈயக் கனிமத்தாலான அந்த உணர்விக்கு 1904 மார்ச் 29 அன்று 755,840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிகளுக்கான மிகத் தொடக்ககாலக் காப்புரிமைகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் வீடுகளில் பயன்பட்ட படிக வானொலிகளிலும் கலீனாவே பெரிதும் இடம்பெற்றது.

அங்கீகாரம்

போஸ் 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கருவிகள் இன்றும் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. 1895-ஆம் ஆண்டுச் சோதனையை ஐஇஇஇ அமைப்பு 2012-இல் வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. அவர் கையாண்ட மில்லிமீட்டர் அலைகள் இப்போது ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தொடர்பிலும் ஊர்தி ராடார்களிலும் பயன்படுகின்றன.