பிள்ளை மடுவத்துக்குள் தாய் வந்த கதை

மலையகத் தோட்டத்துப் பேச்சில் மடுவம் என்றால் கொட்டகை. பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை விட்டுச் செல்லும் இடம் பிள்ளை மடுவம். விடியற்காலையில் ஒரு மடுவத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு மலையேறிய பெண், பொழுது சாயும்போது இன்னொரு மடுவத்தில் கொழுந்தை இறக்கினாள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்தது இதுதான். தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் வகுப்பு அந்தப் பிள்ளை மடுவத்துக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

மாத்தளை மலையகத்தின் வடக்கு வாசல். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலி மக்கள் காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்து சேர்ந்த முதல் மலைநாட்டு ஊர் இது. நகரின் முத்துமாரியம்மன் கோயிலுக்கும் அந்த வழிநடைக்கும் உள்ள உறவை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முதலில் இருந்தது கோப்பி. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்களில் ஆண்களே அதிகம். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தபோது கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் பிறகு தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் ஏறின.

தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடி. வாரம் தவறாமல் கொழுந்தெடுக்க நிலையாக ஆள் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயம் எனும் வரிசை வீடுகளில் நிலைகொண்டன. லயக் காம்பராவில் பிள்ளைகள் பிறந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பெயர் கொடுக்கப் போகும் தாய் அந்தப் பிள்ளையை என்ன செய்வாள் என்ற கேள்வி அப்போதுதான் தோட்டத்துக்கு வந்தது.

முதல் விடை குடும்பத்துக்குள்ளேயே கிடைத்தது: மூத்த பெண்பிள்ளை. தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்து லயத்து வாசலில் நின்ற எட்டு வயதுச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் எட்டாத இடமாயிற்று. இரண்டாவது விடையைத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அறை. உத்தரத்தில் வரிசையாகப் பழஞ்சேலைத் தொட்டில்கள். மலையேற முடியாத வயதில் ஓர் ஆயா. பிள்ளை விழக்கூடாது, அழக்கூடாது, அடுப்பங்கரைக்குப் போய்விடக்கூடாது. ஆயாவுக்கு இட்ட வேலை அவ்வளவுதான். தாயின் இரண்டு கைகளும் கூடைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கட்டிய அறை அது.

சட்டமும் அதே கண்ணோடுதான் பார்த்தது. 1907இன் கிராமியப் பாடசாலைச் சட்டமும், 1920இன் கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது வைத்தன. ஆனால் கணக்கு ஆறு வயதில் தொடங்கிப் பத்து வயதில் முடிந்தது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என்று மூன்றாகப் பிரித்தது. பத்து வயதுக்குப் பிறகு பிள்ளை எங்கே போகும் என்பதை அந்த மூன்றாவது கூலியே சொல்லிவிடுகிறது. ஆறு வயதுக்கு முந்திய காலத்தைப் பற்றி இந்தச் சட்டங்களில் பேச்சில்லை.

அதனால் அந்த வயதில் பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பாயியின் கதை, விடுகதை, கும்மி, தாலாட்டு எல்லாம் லயத்தில் இருந்தன. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டியபோது கிடைத்த செல்வம் இந்த மண்ணில் வளர்ந்ததுதான். பாடத் தெரிந்த தாய்க்குப் பாட நேரமில்லை என்பதே தோட்டத்துக் குறை. இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறவளுக்குப் பிள்ளையின் விழித்திருக்கும் பொழுதில் எவ்வளவு கிடைக்கும்?

1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் சட்டமும், அதில் பிற்பாடு செய்த திருத்தங்களும் இதில் ஒரு சிறு கதவைத் திறந்தன. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்திலேயே இரண்டு இடைவேளை தாயின் உரிமையாயிற்று. வேலைத்தலத்தில் பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இல்லையென்றால் ஒரு மணி நேரம். கூடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காரும் நேரத்தையும் வேலை நேரமாக எண்ணலாம் என்பதைச் சட்டம் அப்போது ஒப்புக்கொண்டது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே காலத்தில் நகரங்களில் வேறொரு காற்று வீசியது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தானே தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்கும் அவருடைய முறை நகரத்து வீடுகளுக்குப் பழக்கமானது. இன்றும் இலங்கையில் பாலர் பள்ளிக்கு 'மொண்டிசோரி' என்பதே பேச்சு வழக்குப் பெயர். அந்தக் காற்று தோட்டத்து மலை ஏறவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களுடைய பள்ளிகளை அரசு முழுதாகக் கையேற்கத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கே அந்த நிலை என்றால் மூன்று வயதுப் பிள்ளையை யார் நினைத்தார்கள்?

மாற்றம் மெல்ல வந்தது. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம என்ற அரசு சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வாகத்துக்கு வந்தன. 1979, சர்வதேச சிறுவர் ஆண்டு. இலங்கை அரசு சிறுவர் செயலகத்தை அமைத்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனபோது, தோட்டத்து நலப் பணிகளுக்கென அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு பொது நிதியம் உருவாயிற்று. தோட்டத்தில் அதை 'ட்ரஸ்ட்' என்பார்கள். பிள்ளை மடுவம் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆனது. பழைய ஆயாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்கென நாட்டுக்கே ஒரு தேசியக் கொள்கை வந்தது. 2015இல் உலக வங்கியின் ஐந்து கோடி டொலர் கடனோடு தொடங்கிய திட்டம் தோட்டத்து நிலையங்களையும் தொட்டது.

கட்டடமும் பெயர்ப்பலகையும் மாறியதைவிடப் பெரிய மாற்றம், தாய் வாசலைக் கடந்து உள்ளே வந்ததுதான். இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, கம்மடுவை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும், தாயை உள்ளே அழைப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நிறை பார்க்க வருகிற நாளும், திரிபோஷ சத்துமா வாங்க வருகிற நாளும் இருக்கின்றன. அதோடு ஒரு மணி நேரம் சேர்த்தால் போதும். தேயிலை விதையை எண்ணலாம். இலையைச் சிறிது பெரிதாக அடுக்கலாம். படத்தைக் காட்டிப் பிள்ளையைப் பேசவிடலாம். பிள்ளை தப்பாகச் சொன்னால் அதட்டாமல் இன்னொரு கேள்வி கேட்பது எப்படி என்பதைத் தாய் அங்கே கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். வகுப்பின் பலன் வகுப்பு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆசிரியை சில மணி நேரமே பிள்ளையோடு இருக்கிறார். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் கூட இருப்பது வீட்டார்.

தாயும் பிள்ளையும் சேர்ந்து கற்கும் இந்த எண்ணம் பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஜமைக்கா பதில் சொல்லும். அதுவும் வெள்ளையர் தோட்டத்துக்கென ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய தீவுதான். 1980களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகள்; அவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். நியூசிலாந்தில் 1941இல் தொடங்கிய விளையாட்டு மையங்களில் பெற்றோரே முறைவைத்து வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைகளோடு தாய்மாரும் வளர்ந்தார்கள்.

மலையகத்துக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. 2016இன் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் 31.7 சதவீதம். கிங்ஸ்டனில் தேர்ந்தெடுத்ததும் இதே குறைபாடுள்ள பிள்ளைகளைத்தான்.

இருந்தும் வகுப்பு நாளன்று பல நிலையங்களின் பாய்கள் நிறைவதில்லை என்றால், அதற்குத் தாயின் அக்கறையின்மையைக் காரணம் சொல்வது அநியாயம். வகுப்புக்கு வந்துபோக இரண்டு மணி நேரம் மலையிலிருந்து இறங்கினால் கூடையில் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். பிள்ளையின் பாடமா, பிள்ளையின் அரிசியா என்று கேட்டால் எந்தத் தாயும் அரிசியைத்தான் எடுப்பாள்.

தகப்பன்மார் கதை வேறு. செடியை வெட்டிவிடும் கவ்வாத்து, மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்து போன்ற ஆண்களின் வேலை பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும். பெண்கள் மாலை வரை மலையில் நிற்பார்கள். வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றிவைத்தால் தகப்பன் வரலாம். 'பெற்றோர் வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டுத் தாயை மட்டும் தேடுவதை நிலையங்கள் விடவேண்டும்.

தாய்க்கு வேண்டியது நேரம். பால் கொடுக்கும் அரை மணி நேரத்தைச் சட்டம் என்றோ வேலையாகக் கணக்கிட்டுவிட்டது. மாதத்தில் ஒரு காலைப்பொழுதைப் பிள்ளையோடு படிப்பதற்கென முழுப்பேராகப் பதிவது அதற்கு அடுத்த படிதான். தொழிலாளருக்காகப் பேசுகிற தொழிற்சங்கங்களும், பேர் பதிகிற தோட்ட நிர்வாகங்களும் சம்பளத் தொகையைப் பேசும் மேசையிலேயே இதையும் வைக்க வேண்டும்.