கார்சியாவின் கண்ணாடி

சனிக்கிழமை காலைகளில் நானும் என் வகுப்புத் தோழியும் மேற்கத்தியச் செவ்வியல் பாட்டுப் பயிற்சி செய்கிறோம். ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, மறுபடி மெல்ல அடக்க வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில். 'மெஸ்ஸா டி வோச்சே' என்று பெயர். ஒருவர் பாட, மற்றவர் கேட்பார்.

நான் மின்னியல் படித்தவன். அளந்து பார்த்தால்தான் நம்புவேன். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு பாடினேன். கோடு ஆடாமல் நின்றது.

"சுருதி சரிதான். ஆனா மேல போறப்ப தொண்டைய இறுக்குற. ஒரு மாசமா உன் குரலே கரகரன்னு இருக்கு, உனக்குத் தெரியலையா?" என்றாள்.

கோபம்தான் வந்தது. தேர்வுக்குப் பணம்கூடக் கட்டியாச்சு. அந்தக் கோபத்தில்தான் மனுவேல் கார்சியாவைப் பற்றித் தேடிப் படித்தேன். குரல்வளையைக் கண்ணால் பார்க்க வழி கண்டவர் அவர். கருவிதான் கடைசித் தீர்ப்பு என்பதற்கு அவரே சாட்சி சொல்வார் என்று நினைத்தேன்.

கார்சியா 1805-இல் பிறந்த ஸ்பானியர். அப்பா பெரிய பாடகர். 1825-இல் குடும்பமே நியூயார்க் போய் இத்தாலிய ஓபரா நடத்தியது. இருபது வயது மகனும் மேடை ஏறினார். சில ஆண்டுகளிலேயே குரல் கெட்டது, மேடையை விட்டார். பிறகு இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றி, குரல்வளையின் அமைப்பைப் படித்தார். 1840-இல் மனிதக் குரல் பற்றிய ஆய்வுரையைப் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் கொடுத்தார்.

மறு ஆண்டு ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் அவரிடம் வந்தார். இருபது வயதில் சொந்த நாட்டில் பெரும் புகழ். ஆனால் ஓயாமல் பாடிக் குரல் தேய்ந்திருந்தது. கார்சியா உடனே பாடம் தொடங்கவில்லை. ஆறு வாரம் பாடாமல் இருக்கச் சொன்னார். அதன் பிறகே பயிற்சி. பின்னாளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் லிண்டைக் கொண்டாடின.

கண்ணாடி வந்தது 1854-இல். பாரிஸில் ஆறு பிராங்குக்கு ஒரு பல் மருத்துவக் கண்ணாடி வாங்கி, ஆவி படியாதபடி வெந்நீரில் சூடாக்கி, உள்நாக்கை ஒட்டி வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பினார். தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டது. மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, தொண்டை மருத்துவமே மாறியது.

ஆண்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது என் வாதம் உடைந்தது. லிண்டின் குரலைக் காப்பாற்றியபோது கார்சியாவிடம் கண்ணாடி இல்லை. காதுதான் இருந்தது. கண்ணாடி பதின்மூன்று ஆண்டு கழித்து வந்தது. அவர் முன்பே எழுதி வைத்ததைத்தான் பெரும்பாலும் உறுதி செய்தது.

இன்னொன்றும் புரிந்தது. நம் குரல் நமக்கு மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் கேட்கிறது. வெளியே போகும் குரலை நாம் முழுசாகக் கேட்பதே இல்லை. என் செயலி அதிர்வெண்ணை அளந்தது, இறுக்கத்தை அளக்கவில்லை. அதைக் கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும்.

தேர்விலிருந்து விலகினேன். கட்டிய பணம் போனது போனதுதான். ஆறு வாரம் பாடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் போனேன். அவள் பாடினாள், நான் கேட்டேன். மூன்றாவது வாரம்தான், அவள் மூச்சு தீரும் இடத்தில் தோள் லேசாக ஏறுவதைக் கவனித்தேன்.

சொன்னேன். அவளுக்கும் கோபம் வந்தது.