பருவகால இன்ஃபுளுவென்சா

பருவகால இன்ஃபுளுவென்சா என்பது இன்ஃபுளுவென்சா தீநுண்மங்களால் மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் ஏற்படும் ஒரு தொற்றுநோய் ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபுளூ காய்ச்சல் எனப்படுகிறது. சளி அல்லது தடிமனுடன் இதனைக் குழப்பிக்கொள்வது பரவலாக உள்ளது. ஆனால் தடிமன் ரைனோ தீநுண்மம் முதலான வேறு தீநுண்மங்களால் உண்டாவது, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தற்றது. இன்ஃபுளுவென்சா அவ்வாறானதன்று. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 30 முதல் 50 இலட்சம் பேர் இந்நோயால் கடுமையாகத் தாக்கப்படுகின்றனர். 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் ஏற்படும் மூச்சுத்தொகுதிச் சிக்கல்களால் இறக்கின்றனர்.

இன்ஃபுளுவென்சா என்பது தாக்கம் என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொல். விண்மீன்களின் தாக்கத்தாலேயே இந்நோய் வருவதாக முற்காலத்தில் நம்பப்பட்டது. மனிதரைத் தாக்கும் இத்தீநுண்மத்தை 1933 ஆம் ஆண்டில் வில்சன் சுமித், கிறித்தோபர் ஆண்ட்ரூசு, பாட்ரிக் லைட்லா ஆகியோர் இங்கிலாந்தில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர்.

தீநுண்மமும் அதன் மாற்றமும்

இத்தீநுண்மங்களில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உள்ளன. பருவந்தோறும் மனிதரிடையே பரவுபவை ஏ, பி வகைகளே. ஏ வகையின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேசு என்னும் இரு புரதங்கள் காணப்படுகின்றன. முதலாவது, தீநுண்மம் உயிரணுவில் ஒட்டிக்கொண்டு உட்புக உதவுகிறது. இரண்டாவது, பெருகிய புதிய தீநுண்மங்கள் உயிரணுவிலிருந்து அறுபட்டு வெளியேற உதவுகிறது. எச்1என்1, எச்3என்2 போன்ற பெயர்கள் இவ்விரு புரதங்களின் வகைகளைக் குறிப்பனவாகும்.

இத்தீநுண்மத்தின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு இதற்கு இல்லை. எனவே மேற்பரப்புப் புரதங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இது நகர்வு எனப்படும். முந்தைய ஆண்டின் தொற்றால் உடலில் உருவான எதிர்ப்புப் புரதங்கள் மாறிய வடிவத்தைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. ஒருவருக்கு இந்நோய் வாழ்நாளில் பலமுறை வருவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இதன் மரபுப்பொருள் 8 தனித்தனித் துண்டுகளாக உள்ளது. பறவை, பன்றி, மனிதர் ஆகியோரைத் தாக்கும் தீநுண்மங்கள் ஒரே உயிரணுவில் சந்திக்க நேர்ந்தால் இத்துண்டுகள் இடம்மாறி முற்றிலும் புதிய வகை தோன்றக்கூடும். 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளின் உலகப் பரவல்கள் இவ்வாறு உருவானவை. 2009 இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர்பெற்ற எச்1என்1 பின்னர் பருவகாலத் தீநுண்மங்களுள் ஒன்றாகிவிட்டது. அப்பெயரைக் கேட்டு இன்று தனியாக அஞ்ச வேண்டியதில்லை. பன்றி இறைச்சியை நன்கு சமைத்து உண்பதாலும் அது பரவுவதில்லை.

பரவலும் பருவமும்

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நீர்த்திவலைகளாலும், தீநுண்மம் படிந்த கைகளாலும் நோய் பரவுகிறது. தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். அறிகுறிகள் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்குப் பரப்பக்கூடும் என்பதால், நோயாளியை ஒதுக்கிவைப்பதால் மட்டும் இதனைத் தடுத்துவிட முடியாது.

குளிர்நாடுகளில் இது குளிர்கால நோய். இந்தியாவில் இடத்துக்கு இடம் பருவம் மாறுபடுகிறது. ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும், தில்லியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

அறிகுறிகள்

திடீரெனத் தோன்றும் காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி, தசைவலி, கடும் சோர்வு ஆகியன. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமடைவர். இருமல் மேலும் சில நாட்கள் நீடிக்கலாம். முதியோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா உள்ளோர் ஆகியோரிடம் நுரையீரல் அழற்சி போன்ற சிக்கல்கள் தோன்றலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், குறைந்தபின் மீண்டும் ஏறும் காய்ச்சல் ஆகியவை உடனடி மருத்துவ உதவி தேவை என்பதைக் காட்டுவன.

தடுப்பூசி

தீநுண்மம் மாறுவதாலும், பெற்ற எதிர்ப்பாற்றல் மாதங்கள் செல்லச்செல்லக் குறைவதாலும் இத்தடுப்பூசியை ஆண்டுதோறும் இட்டுக்கொள்ள வேண்டும். உலக சுகாதார அமைப்பு 1952 முதல் பல நாட்டு ஆய்வகங்களின் துணையுடன் பரவும் வகைகளைக் கண்காணித்து வருகிறது. வட அரைக்கோளத்துக்குப் பெப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும் தடுப்பூசியில் சேர்க்கவேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. பெரும்பாலான தடுப்பூசிகள் கோழி முட்டைகளில் வளர்க்கப்படுவதால் தயாரிப்புக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகின்றன. இவ்விடைவெளியில் தீநுண்மம் மாறிவிட்டால் கணிப்புத் தவறிவிடும். 2014-15 குளிர்காலத்தில் எச்3என்2 அவ்வாறு மாறியதால், அமெரிக்காவில் தடுப்பூசியின் செயற்திறன் ஏறத்தாழ 19 விழுக்காடாக இருந்தது. நன்கு பொருந்தும் ஆண்டுகளில் இது பொதுவாக 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கும். இது முழுமையான காப்பன்று. எனினும் தடுப்பூசி பெற்றவருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு குறைகிறது.

பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பின் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஆகவே அதனை நீக்கலாம் என 2023 இல் பரிந்துரைக்கப்பட்டது.

ஊசியாக இடப்படுவதில் உயிருள்ள தீநுண்மம் இல்லை. எனவே அது ஃபுளூ காய்ச்சலை உண்டாக்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தடுப்பூசி இட இயலாது. கருவுற்ற காலத்தில் தாய் இட்டுக்கொண்டால் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையையும் சென்றடைகின்றன. எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆவதால், அவ்வவ்விடத்தின் பருவம் தொடங்குமுன்பே இட்டுக்கொள்ளுதல் நன்று. சென்னையைப் பொறுத்தவரை மழை தொடங்கியபின் எண்ணுவது காலந்தாழ்த்துவதாகும்.

மருத்துவம்

ஓய்வும் போதிய நீரும் பெரும்பாலோருக்குப் போதுமானவை. ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து நியூராமினிடேசின் செயலைத் தடுக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியாக்களுக்கானவை. தீநுண்மத்தை அவை ஒன்றும் செய்யா. இரண்டாம் தொற்றாகப் பாக்டீரியா சேர்ந்துவிட்டால் மட்டுமே மருத்துவர் அவற்றை அளிப்பார். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இக்காய்ச்சலின்போது ஆஸ்பிரின் தரலாகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை கூட்டறிகுறி என்னும் அரிய நோய் அதனால் ஏற்படக்கூடும்.