ஸ்னெயில் டார்ட்டர்

ஸ்னெயில் டார்ட்டர், அமெரிக்காவின் டென்னசி ஆற்றுப்படுகையில் வாழும் விரல் நீள நன்னீர் மீன். தெளிந்து ஓடும் நீரில், சரளைக்கல் பரவிய அடித்தரையில் நத்தைகளைத் தின்று வாழ்வதால் இப்பெயர் பெற்றது.

1973 ஆகஸ்டில் டென்னசிப் பல்கலைக்கழக விலங்கியலாளர் டேவிட் எட்னியர் இதனை லிட்டில் டென்னசி ஆற்றில் கண்டறிந்தார். அவ்வாற்றில் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் 1967 முதல் டெல்லிகோ அணையைக் கட்டி வந்தது. 1973 டிசம்பரில் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1975இல் இம்மீன் அச்சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. வேறெங்கும் இது இருப்பதாக அப்போது தெரியாது. 1978 ஜூனில் உச்சநீதிமன்றம், பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஏறக்குறைய முடிந்துவிட்ட அணையை 6–3 என்ற பெரும்பான்மையில் நிறுத்தியது.

மீனுக்காக அணையை நிறுத்தினார்கள் என்பது அன்றைய கேலி. ஆனால் விலக்களிப்பது பற்றி முடிவெடுக்க அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழு, 1979 ஜனவரியில் விலக்களிக்க ஒருமனதாக மறுத்தது. மிச்சமிருந்த வேலைக்கான செலவுக்குக்கூட அணையின் பயன் ஈடாகாது என்பதே அதன் கணக்கு. அதன்பின் நாடாளுமன்றம் நிதி மசோதா ஒன்றில் விலக்கைச் சேர்த்து நிறைவேற்றியது. நவம்பர் 29இல் மதகுகள் மூடப்பட்டன. செரோக்கி மக்களின் பழைய ஊரான தனாசியின் நிலமும் நீரில் மூழ்கியது. மாநிலத்தின் பெயரும் மீனின் அறிவியல் பெயரிலுள்ள ‘தனாசி’யும் அவ்வூரிலிருந்து வந்தவை.

மீன் அழியவில்லை. முன்னரே ஹைவாசி ஆற்றில் விடப்பட்டவை அங்கு நிலைத்தன. 1980இல் சட்டனூகா அருகே சவுத் சிக்கமாகா ஓடையிலும், பின்னர் வேறு இடங்களிலும் இது கிடைத்தது. இதனால் 1975இன் மதிப்பீடு பிழை என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல, தேடிய இடங்களைக் கொண்டுதான் ஓர் இனத்தின் நிலையைச் சொல்ல முடியும், வழக்கு எழுந்ததால்தான் தேடலும் விரிந்தது. 1984இல் பட்டியலில் ஒரு படி கீழிறக்கப்பட்டது. அணைகளிலிருந்து திறந்துவிடும் நீரின் அளவையும் அதிலுள்ள ஆக்சிஜனையும் 1990களில் மேம்படுத்தியது அதே ஆணையம்தான். மீட்சியில் அதற்குப் பெரும் பங்குண்டு. 2022 அக்டோபரில் மீன் பட்டியலிலிருந்து முழுவதுமாக நீக்கப்பட்டது.

2025இல் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நியர் குழு, மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, இது தனி இனமே அல்ல, ஸ்டார்கேசிங் டார்ட்டர் என்னும் மீனின் கிழக்குப் பகுதிக் கூட்டம் என்று எழுதியது. வழக்கில் மீனுக்காக வாதாடிய சட்டப் பேராசிரியர் சிக்மண்ட் பிளாட்டர் இதை ஏற்கவில்லை.