கானகப் பயணமும் அதன் வரலாறும்

ஆப்பிரிக்கக் காடுகளைக் காணச் செல்லும் பயணத்துக்குச் 'சபாரி' என்னும் பெயர் இன்று உலகெங்கும் வழங்குகின்றது. வண்டியில் அமர்ந்தபடியே சிங்கத்தையும் யானையையும் கண்டு களிப்பதே சபாரி என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால், கிழக்கு ஆப்பிரிக்காவின் பொதுமொழியாகிய சுவாகிலியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஒருவர் தம் உறவினரைக் காண அயலூர் சென்றாலும் அது சபாரிதான். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல்லினின்று அது தோன்றியது. நம் கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம்கள் வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்று குறிப்பிடுவதை உங்களுட் சிலர் கேட்டிருக்கலாம். இரண்டும் ஒரே வேரின் கிளைகள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் ஒரு குழுவினர் தான்சானியா நாட்டிலுள்ள நியெரேரே தேசியப் பூங்காவுக்குச் சென்று, கூடாரமடித்துத் தங்கி, விலங்குகளைக் கண்டு வர விரும்புவதாக வைத்துக்கொள்வோம். எப்போது செல்வது? எவ்வழியே செல்வது? யாரைத் துணையாகக் கொள்வது? எவற்றை எடுத்துச் செல்வது? இந்த நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பயணத்தைத் தொடங்க முடியும். இவை புதிய வினாக்கள் அல்ல. அதே காட்டின் வழியே 1879ஆம் ஆண்டில் நடந்து சென்றவர்களும் இவற்றுக்கு விடை தேடினர். அவர்கள் கண்ட விடையையும், அதன்பின் அந்நிலம் அடைந்த மாற்றங்களையும் அறிந்துகொண்டால் நம் திட்டம் செம்மையாக அமையும்.

அவ்வாண்டு இலண்டனிலுள்ள அரச புவியியற் கழகம், இந்தியப் பெருங்கடற் கரையிலிருந்து நியாசா ஏரிக்கு வழி காண ஒரு குழுவை அனுப்பியது. தலைவர் கீத் ஜான்ஸ்டன். அவருக்கு உதவியாளர் ஜோசப் தாம்ஸன் என்னும் 21 வயது இளைஞர். இருவரும் உள்நாட்டை அறியாதவர்கள். ஆகவே சான்சிபார் தீவில் அவர்கள் முதலிற் செய்த வேலை, தக்க வழிகாட்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்ததே ஆகும். அவர் பெயர் சூமா.

சூமாவின் வரலாறு நாம் அறிய வேண்டிய ஒன்று. யாவோ இனத்தில் பிறந்து, இளமையில் அடிமை வணிகரிடம் சிக்கி, 1861இல் டேவிட் லிவிங்ஸ்டன் குழுவினரால் விடுவிக்கப்பட்டவர் அவர். பின்னர் லிவிங்ஸ்டனுடன் கடல் கடந்து வந்து பம்பாயில் பள்ளியிற் பயின்றார். 1873 மே மாதத்தில் இன்றைய சாம்பியா நாட்டில் லிவிங்ஸ்டன் இறந்தபோது, சூமாவும் சூசி என்பவரும் ஏனைய தோழர்களும் அவரது இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தனர். உடலை வெயிலில் உலர்த்திப் பொதிந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல் சுமந்து, 1874 பிப்ரவரியில் பகமோயோ என்னும் கடற்கரை நகரிற் சேர்த்தனர். யாரும் கட்டளையிடாமல், கூலியை எதிர்பாராமல் அவர்கள் செய்த செயல் அது. இத்தகைய ஒருவரிடமே ஜான்ஸ்டனும் தாம்ஸனும் தம் பயணத்தை ஒப்படைத்தனர்.

ஏறத்தாழ 150 சுமைகாரரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சூமாவிடம் இருந்தது. செட்சி என்னும் ஈ கடித்தால் மாடும் குதிரையும் மடியும் நாடு அது. ஆதலின் மாட்டு வண்டிக்கு அங்கே வழியில்லை. எல்லாப் பொருளும் மனிதர் தலைமீதே சென்றன. ஒருவர் சுமை ஏறத்தாழ 30 கிலோ. கூடாரம், மருந்து, வெடிமருந்து ஆகியவற்றைக் காட்டிலும் மிகுதியாக எடுத்துச் சென்றவை துணியும் மணியும் செம்புக் கம்பியுமே. நாணயம் செல்லாத உள்நாட்டில் அவையே பணம். அவற்றைக் கொண்டே உணவு வாங்க வேண்டும். தம் எல்லையைக் கடக்க விடும் தலைவர்களுக்கு வரி செலுத்த வேண்டும். ஓர் ஊரார் சிவப்பு மணியை விரும்புவர். அடுத்த ஊரார் அதனைத் தொடவும் மாட்டார். எந்த ஊரில் எந்த மணி செல்லும் என்பதை அறியாமற் புறப்பட்டவர், மூட்டை நிறையச் செல்வம் இருந்தும் பட்டினி கிடக்க நேரும். ஆகவே, பொருளைக் கட்டும் முன்னரே வழியை அறிந்தவரின் சொல்லைக் கேட்பது இன்றியமையாததாயிற்று.

1879 மே மாதத்தில் டார் எஸ் சலாமிலிருந்து அக்குழு புறப்பட்டது. மழையாற் சேறும் நீரும் நிறைந்த வழி. ஜான்ஸ்டன் வயிற்றுக்கடுப்பினால் நலிந்து, ஜூன் 28ஆம் நாள் பெஹோபெஹோ என்னும் சிற்றூரில் உயிர் துறந்தார். தலைமை அந்த 21 வயது இளைஞர் மேல் விழுந்தது. குழு சிதறாமல் ஏரிகளை அடைந்து 1880இல் கடற்கரைக்குத் திரும்பியது. அவ்வெற்றியிற் சூமாவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைத் தாம்ஸனே தம் நூலிற் போற்றியுள்ளார்.

ஜான்ஸ்டன் இறந்த பெஹோபெஹோ இன்று நியெரேரே பூங்காவினுள் அடங்கியது. அப்போது அங்கே ஓர் ஊர் இருந்தது. இப்போது ஊர் இல்லை. ஊர் மறைந்து காடு வந்த கதையைத்தான் இனி நாம் காண வேண்டும்.

ஜெர்மானியர் ஆட்சியில், 1896இல் ஆளுநர் விஸ்மன் என்பவர் ரூபிஜி ஆற்றுப் பகுதியில் விலங்குக் காப்பிடம் ஒன்றை ஏற்படுத்தினார். மக்களைப் பருத்தி பயிரிடுமாறு வற்புறுத்திய அவ்வாட்சியை எதிர்த்து, 1905இல் ரூபிஜிக்குத் தெற்கேயுள்ள மாத்தும்பிக் குன்றுகளில் கிளர்ச்சி மூண்டது. 'மாஜி' என்றால் நீர். மந்திர நீரைத் தெளித்துக்கொண்டால் துப்பாக்கிக் குண்டும் நீராகிவிடும் என்று மக்கள் நம்பினமையால் அது மாஜி மாஜிப் போர் எனப் பெயர் பெற்றது. ஆட்சியாளர் ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்தனர். போரைவிடப் பஞ்சத்தில் மாண்டவரே மிகுதி. இறந்தோர் 75,000 பேர் என்பது ஆட்சியாளர் கணக்கு. பிற்கால ஆய்வாளருட் சிலர் அத்தொகையை 3 இலட்சம் வரை உயர்த்துவர். உழவர் இல்லாத நிலத்திற் புதர் மண்டியது. புதரை நாடி விலங்கும் செட்சி ஈயும் பரவின.

முதல் உலகப் போரிலும் இந்நிலம் போர்க்களமாயிற்று. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை, 1914இல் இந்நாட்டின் வடகரையிலுள்ள தாங்காவிற் போரிட்டது என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1917 ஜனவரி 4ஆம் நாள் பெஹோபெஹோவில் நடந்த சண்டையில், பெயர் பெற்ற வேட்டைக்காரரும் நூலாசிரியருமான பிரெடரிக் செலூ தம் 65ஆம் வயதில் குண்டடிபட்டு இறந்தார். அவர் கல்லறை இன்றும் அங்கே உள்ளது. பிரிட்டிஷார் 1922இல் அக்காப்பிடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர்.

ஆனால் அப்போரில் உணவும் குண்டும் சுமந்த ஆப்பிரிக்கச் சுமைகாரரின் நிலை யாது? பிரிட்டிஷார் பக்கத்தில் மட்டும் நோயாலும் பசியாலும் களைப்பாலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். டார் எஸ் சலாமில் 1927இல் திறந்து வைக்கப்பட்ட போர்வீரன் சிலையின் பீடத்தில் சுமைகாரரும் பொதுவாக நினைக்கப்பட்டுள்ளனர். பெயர் ஒன்றும் இல்லை. அந்நகரின் பெருஞ்சந்தை அமைந்துள்ள பகுதி 'கரியாக்கோ' எனப்படும். சுமைகாரர் படை என்று பொருள்படும் 'கேரியர் கோர்' என்ற ஆங்கிலத் தொடரே மக்கள் வாயில் அவ்வாறு திரிந்தது.

1940களில், தூக்க நோயைக் காரணம் காட்டி, எஞ்சியிருந்த ஊர்களினின்றும் ஆயிரக்கணக்கானோரை ஆட்சியாளர் வெளியேற்றினர். காப்பிடம் மேலும் விரிந்தது. 1961இல் நாடு விடுதலை பெற்றது. 1982இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எனினும் தந்தத்துக்காக யானைகளைக் கொல்லும் கள்ள வேட்டை ஓயவில்லை. 1976இல் ஒரு இலட்சத்துக்கு மேலிருந்த யானைகள் 2013இல் ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்தன. 2019இல் வடபகுதியைப் பிரித்து, நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியெரேரேயின் பெயரால் தேசியப் பூங்கா ஆக்கினர். அதன் பரப்பு 30,000 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது; தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

இனி நம் நான்கு வினாக்களுக்கு வருவோம். பயணத்துக்கு உரிய காலம் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலம். மார்ச் முதல் மே வரை பெருமழை. பாதைகள் நீரில் மூழ்கும். நம் கோவிற்பட்டிக் கரிசலில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அங்குள்ள தாழ்நிலக் கரிய மண்ணின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

வழியை இவ்வாறு வகுக்கலாம். கரியாக்கோச் சந்தையில் அரிசி, பருப்பு, காய்கறி, குடிநீர்க் கலங்கள் முதலியன வாங்கிக்கொண்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கிபித்தி வழியாக ம்லோக்கா என்னும் ஊரை அடைந்து, ம்தெமெரே வாயிலில் பூங்காவினுள் நுழையலாம். மறுநாள், ரூபிஜி ஆறு தடம் மாறியதால் உண்டான ஏரிகளைக் கண்டு, தாகலாலா ஏரிக்கரையிற் கூடாரமடிக்கலாம். மூன்றாம் நாள் பெஹோபெஹோவையும் செலூவின் கல்லறையையும் அருகேயுள்ள வெந்நீர் ஊற்றையும் காணலாம். பின்னர் மாத்தம்ப்வே வாயில் வழியே வெளியேறிக் கிசாக்கியில் இருப்புப் பாதையை அடையலாம்.

சுமையில் முதலிடம் எரிபொருளுக்கும் நீருக்கும் உரியது. காட்டினுள் இவற்றை வாங்க இயலாது. மாற்றுச் சக்கரம் இரண்டேனும் வேண்டும். கருநீல உடையும் கறுப்பு உடையும் செட்சி ஈக்களை ஈர்க்குமாதலால் அவற்றை விலக்கி, மண்நிற உடை அணிதல் நலம். மலேரியாவுக்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டு முன்னரே உட்கொள்ளத் தொடங்க வேண்டும். நீர்யானை இரவில் மேய வரும் தடத்தில் கூடாரம் அடித்தலாகாது. கூடாரத்தினுள் உணவை வைத்தலும் ஆகாது. தடத்தை விட்டு விலகி வண்டியைப் புல்வெளியிற் செலுத்துவோர், ஒரு படத்துக்காக நிலத்தைப் புண்படுத்துகின்றனர். கால்நடையாகச் செல்வதாயின் துப்பாக்கி ஏந்திய காவலர் உடன் வருதல் கட்டாயம்.

இவையனைத்தையும் விட முதன்மையானது வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தல். குறைந்த விலைக்கு எவர் வருவார் என்று கேட்பதற்கு முன், அந்நிலத்தை எவர் அறிவார் என்று கேளுங்கள். காலடித் தடத்தைக் கண்டு, சிங்கம் சென்று எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்பவர்க்கு, அங்கு முன்னர் இருந்த ஊர்களின் பெயர்களும் தெரிந்திருக்கக்கூடும். அவரிடம் விலங்கை மட்டும் கேட்காமல், மனிதரையும் கேளுங்கள். அவருக்கும் சமையற்காரருக்கும் ஓட்டுநருக்கும் உரிய ஊதியமும் உணவும் படுக்கையும் உங்கள் கணக்கில் முதல் வரியாக இருக்கட்டும்.

அக்காட்டின் தனிமையைக் காண்பவர், படைப்புக் காலந்தொட்டே மனிதர் அடி படாத நிலம் அது என்று மயங்குவது இயல்பு. அங்கே விளைநிலம் இருந்தது, அடுப்புப் புகைந்தது, குழந்தைகள் விளையாடினர். பஞ்சமும் போரும் அரசாணையும் சேர்ந்து அவர்களை அகற்றின. இன்று அங்கே வாழும் யானையைக் காப்பதும் நம் கடமை. அவ்விடத்தை விட்டுச் சென்றவர்களை நினைப்பதும் நம் கடமை. செலூவின் கல்லறை முன் நிற்கும்போது, அதே மண்ணிற் கல்லும் பெயரும் இன்றிக் கிடக்கும் சுமைகாரருக்காகவும் சிறிது நேரம் தலை வணங்குங்கள்.